தென்கிழக்கு பார்த்த கம்பிகள்: நம்மூர் மொட்டைமாடி ஏரியல்களின் வரலாறு

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று கீழே இருப்பதையெல்லாம் எழுதிவிட்டார்கள். மொட்டைமாடியில் ஏறிப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. அங்கேயும் முக்கால் நூற்றாண்டு வரலாறு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. பீங்கான் குமிழ் தொங்கும் ஒரு பழைய கம்பம், பல் உதிர்ந்த சீப்பு மாதிரி நிற்கும் அலுமினியக் கம்பி, காகம் உட்காரும் டிஷ், சமீபத்தில் வந்து சேர்ந்த ஒரு வெள்ளைப் பெட்டி. எல்லாமே ஒரே வேலைக்காக மேலே ஏறியவை. எங்கோ தூரத்தில் ஒருவர் சொல்வதை இந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்த வேலை.

சமீபத்தில் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் ஏறவே மாட்டேன் என்கிறது. எந்த ஆன்டெனா வாங்கலாம்?" நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பதிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கதை அதைவிட ருசியானது. கடையில் எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், "அலை எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்க வேண்டும் என்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம்மூரில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

உயரமும் நீளமும்

சென்னையில் வானொலி தொடங்கியது 1924-இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்நின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அது பணமில்லாமல் 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், நமக்குப் பக்கமான திருச்சி நிலையம் 1939-இலும் வந்தன. அதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு 1925-லேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது.

வேறு ஊர்களில் வானொலி பாட்டுக்கும் கச்சேரிக்குமான பெட்டி. நம் பகுதியில் அது தொழிலுக்கான பெட்டியும்கூட. கொண்டுவிக்கப் போன செட்டியார்களின் முதல் முழுவதும் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் முடங்கிக் கிடந்த காலம் அது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அங்கே கணக்குப்பிள்ளையாகவும் அடுத்தாளாகவும் இருந்தவர்களில் பலர் அராக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். கடிதம் நின்றுபோன அந்த மாதங்களில், பெட்டி இருந்த வீட்டு முகப்பில் சாயங்காலம் கூட்டம் நிற்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கரகரப்புக்கு நடுவே ஒரு ஊர்ப்பெயர் சரியாகக் காதில் விழுவதும் விழாமல் போவதும் அப்போது சாதாரண விஷயம் இல்லை.

அந்தப் பெட்டிக்கு ஏரியல் எப்படிக் கட்டினார்கள்? மொட்டைமாடியில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே ஐம்பது அறுபது அடிக்கு ஒரு செப்புக் கம்பி. இரண்டு முனையிலும் முட்டை வடிவப் பீங்கான் குமிழ். ஒரு முனையிலிருந்து ஒயர் கீழே இறங்கி ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு வரும். இன்னொரு ஒயர் பெட்டியிலிருந்து தோட்டத்துக்குப் போய், உப்பும் கரியும் போட்ட குழியில் புதைந்திருக்கும். கோடையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பாட்டு தெளிவாகும். சிலர் மாடி ஏறாமல், செப்பு வலையை உத்தரத்துக்குக் கீழே குறுக்காகக் கட்டிச் சமாளித்தார்கள். மழைக்காலத்தில் இடி விழாமல் இருக்க, ஏரியலையும் எர்த்தையும் இணைத்துவிடும் கத்திச் சுவிட்சு ஒன்று ஜன்னல் ஓரத்தில் இருக்கும்.

மத்திய அலையின் நீளம் ஒரு சுற்றுக்கு 200 முதல் 500 மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலைக்கு முன்னால் நம் வீட்டுச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. சுற்றிக்கொண்டு வந்துவிடும். எனவே அந்தக் காலத்துச் சூத்திரம் எளிது: உயரமாகக் கட்டு, நீளமாகக் கட்டு. திசையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை.

திசையைக் கற்றுக்கொடுத்தது டிரான்சிஸ்டர். 1960களில் அது வந்ததும் மாடிக் கம்பி தேவையில்லாமல் போயிற்று. பெட்டிக்குள்ளேயே விரல் பருமனில் ஒரு கறுப்புக் கோல், அதில் சுற்றிய மெல்லிய கம்பி. அந்தக் கோலின் முனை நிலையத்தைப் பார்த்து நின்றால் சத்தம் குறையும், பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் கூடும். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களைக் கேட்க ஊர் முழுக்கப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி, ஸ்டாம்பு ஒட்டிய புத்தகத்தை பத்திரமாக வைத்திருந்த தலைமுறை அது. பெட்டியைத் திருப்பும்போது தாங்கள் ஒரு ஆன்டெனாவின் திசையைச் சரிசெய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கை தானாகக் கற்றுக்கொண்டது.

ஜப்பானிலிருந்து வந்த மீன்முள்

மாடியில் நின்ற அந்த அலுமினியச் சீப்புக்கு ஒரு ஊர் உண்டு. ஜப்பானின் வடக்கே செண்டாய் நகரத்தில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகம். அங்கே ஷிண்டாரோ உடா என்பவர் செய்த ஆராய்ச்சியும், அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியின் வழிகாட்டலும் சேர்ந்து 1926-இல் இந்த அமைப்பு வெளிவந்தது. 1928-இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையால் உலகம் முழுக்க அது "யாகி" என்றே பெயர் பெற்றது. உழைத்த உடாவின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

அமைப்பு எளிமையானது. ஒரே ஒரு கம்பியில்தான் ஒயர் இணைந்திருக்கும். அதற்குப் பின்னால் சற்று நீளமான ஒரு கம்பி, முன்னால் சற்றுக் குட்டையான பல கம்பிகள். அவற்றுக்கு ஒயர் கிடையாது. பின் கம்பி அலையைத் திருப்பி அனுப்பும், முன் கம்பிகள் அலையை உள்ளே வழிகாட்டிக் கூட்டிவரும். முன்னால் கம்பி கூடக்கூட, பார்வை குறுகும், தூரப் பார்வை கூடும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வருவது பெரும்பாலும் காதில் விழாது.

சொந்த நாட்டில் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் ரேடாரில் பயன்படுத்திக்கொண்டார்கள். 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ரேடார் பற்றிய ஒரு கையெழுத்துக் குறிப்பில் "யாகி" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, பிடிபட்ட கைதியிடமே அதற்குப் பொருள் கேட்டார்கள் என்பது இந்தத் துறையில் பலரும் சொல்லும் சம்பவம். அது உங்கள் நாட்டுக்காரர் பெயர்தானே என்று கைதி வியந்தாராம். நம் பக்கத்துப் பெரியவர்கள் எந்த ஊர்ச் செய்திக்காக ஏரியலில் காதை வைத்துக்கொண்டிருந்தார்களோ, அதே சிங்கப்பூரில் நடந்த கதை இது.

பிதுருதலாகலை

சிங்கப்பூர் விழுந்து சரியாக நாற்பது வருஷம் கழித்து, 1982 பிப்ரவரி 15-இல், ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. அதன் முக்கியமான ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலை மலையில். இலங்கையிலேயே உயரமான மலை அது, 2,524 மீட்டர்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டாலும் காரைக்குடிக்கு அது எட்டவில்லை. எட்டியது பக்கத்து நாடு. தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் பலர் முதலில் பார்த்த தொலைக்காட்சி ரூபவாஹினிதான். சிங்களத்தில் செய்தி ஓடும், புரியாது, ஆனாலும் பார்ப்போம். தமிழ் நிகழ்ச்சியோ கிரிக்கெட்டோ வந்தால் திண்ணை நிறையும்.

இதில் உள்ள விசேஷத்தைக் கணக்கோடு சொல்கிறேன். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் காரைக்குடியிலிருந்து பிதுருதலாகலைக்குக் கோடு போட்டால் சுமார் 400 கி.மீ. வரும். கோடு தொண்டியை ஒட்டிக் கடலில் இறங்கி, ஏறக்குறைய தனுஷ்கோடிக்கு மேலாகப் போய் இலங்கையில் ஏறும். திசை தெற்கும் தென்கிழக்கும் கலந்தது. இனி அலையின் கணக்கு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை நேராகப் பார்க்கக்கூடிய தூரம் கி.மீ.-இல் கிடைக்கும். 2,524-க்கு அது சுமார் 207 கி.மீ. நம் மாடியில் 15 மீட்டர் உயரக் குழாய் வைத்தால் நம் பக்கத்திலிருந்து இன்னொரு 16 கி.மீ. இரண்டையும் கூட்டினாலும் 223-தான். மீதி 180 கி.மீ. பூமியின் வளைவுக்குக் கீழே இருக்கிறது. கணக்குப்படி படம் வரவே கூடாது.

வந்ததற்குக் காரணம் கடல். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும். அதற்கு மேல் சூடான உலர்ந்த காற்று போர்வை மாதிரிப் படியும். இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் அலை மேலே தப்பிப் போக முடியாமல், குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி வளைந்து வளைந்து நெடுந்தூரம் ஓடிவிடும். காற்று அசையாத கோடை இரவுகளில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மழைக்காற்று கலக்கினால் திரையில் அரிசிப் பொரி.

அதனால்தான் அன்று நம்மூர் மாடிகளில் எல்லாக் கம்பிகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. இரண்டு நீள இரும்புக் குழாயை ஒன்றின்மேல் ஒன்று சேர்த்து, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் யாகி. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் முற்றத்தில் நின்று குரல் கொடுக்க, ஒருவர் பெட்டி முன்னால். "வருது... வருது... போச்சு. கொஞ்சம் திரும்பிக்க. அங்கேயே நில்லு!" மூன்று பேர் இல்லாமல் எந்த வீட்டிலும் ஆன்டெனா நிற்கவில்லை. பூஸ்டர் என்று ஒரு சிறு பெட்டியும் வந்தது. அதைக் கம்பியின் உச்சியிலேயே கட்டியவர்கள் பிழைத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு, ஒயரில் வரும் வழியிலேயே நசிந்துபோன படமும் அதன் இரைச்சலும் சேர்ந்து பெரிதாயின. பலவீனமான அலையை அது கிடைக்கிற இடத்திலேயே கவனிக்க வேண்டும் என்பது அன்று காசு கொடுத்துக் கற்ற பாடம்.

மேற்கே திரும்பிய மாடிகள்

1980களின் பின்பாதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் சக்தி வாய்ந்த கோபுரம் வேலை செய்யத் தொடங்கியது. தென்மாவட்டங்கள் முழுக்க மாடிக் குழாய்கள் கொடைக்கானலைத் தேடித் திரும்பின. காரைக்குடிக்கு அது நேர் மேற்கே, சுமார் 140 கி.மீ. 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை என்பதால் வளைவுக் கணக்கின்படி நாம் அதன் பார்வைக்குள் வந்துவிடுகிறோம். நடுவில் சிறுமலை குறுக்கே நிற்கிறதுதான். ஆனால் மீட்டர் அளவு நீளமுள்ள அலை, மலை முகட்டில் பட்டுக் கொஞ்சம் வளைந்து கீழே இறங்கும்.

இரண்டு பக்கமும் வேண்டும் என்ற வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு யாகி கட்டினார்கள், ஒன்று மேற்கே, ஒன்று தென்கிழக்கே. பக்கத்து வீட்டுக் கம்பி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து அந்த வீட்டில் இன்று என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பிறகு 1990களில் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. வரைபடத்தில் பார்த்தால் அது பழைய பிதுருதலாகலைக் கோட்டை ஒட்டியே இருக்கிறது.

அதற்குள் கேபிள் வந்துவிட்டது. 1993-இல் சன் டிவி வந்த பிறகு மாடி ஏற யாருக்கும் அவசியம் இல்லை. குழாய்கள் கொடிக்கயிறு கட்டவும் அவரைப் பந்தலுக்கும் பயன்பட்டன. திசை பார்க்கும் பழக்கம் ஒரு தலைமுறையோடு நின்றது. இன்றைய பையன்களுக்கு நாலு கோடு தெரிந்தால் சிக்னல் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சின்ன அலையும் பெரிய வீடும்

கைபேசி வந்ததும் அலை சிறுத்துவிட்டது. ரூபவாஹினியின் அலை ஏறக்குறைய 1.7 மீட்டர். இன்றைய 4ஜி அலை 850 மெகாஹெர்ட்ஸில் 35 சென்டிமீட்டர், 1,800-இல் 17, 2,300-இல் 13. அலை சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும், அது லாபம். ஆனால் சுவரைச் சுற்றிக்கொண்டு வரும் சாமர்த்தியமும் குறையும், அது நஷ்டம்.

நம் வீடுகளோ இதற்கு நேர் எதிரி. இரண்டடி கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும். மேலே ஓட்டை அடுக்கடுக்காகப் பதித்த கனத்த தளம். நடுவே இரும்பு உத்தரங்கள். ரசம் பூசிய ஆளுயரக் கண்ணாடிகள், அவை வெளிச்சத்தைப் போலவே இந்த அலையையும் திருப்பி அனுப்பும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீட்டில், ஒவ்வொரு கட்டையும் தாண்டும்போது அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வானம் பார்த்த முற்றம் ஒன்றுதான் வழி. குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து அதன்மேல் இரும்புக் கம்பி வலை போட்டுவிட்டார்கள். வலையின் கண் அலை நீளத்தில் பாதியைவிடச் சிறியதாக இருந்தால் அலை உள்ளே நுழையச் சிரமப்படும். தகரக் கூரையே போட்டுவிட்ட வீடுகளில் அந்த வழியும் அடைபட்டது.

சிரமம் யாருக்கு என்று பாருங்கள். இந்த வீடுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது ஒருவர் அல்லது இருவர், எழுபது எண்பது வயதில். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். 1942-இல் முகப்பில் நின்ற கூட்டத்தின் கவலை தீரவில்லை, பெட்டி மட்டும் மாறியிருக்கிறது.

பக்கத்து ஊரில் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் சிங்கப்பூரில். தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். ரவுட்டரைப் பட்டாலையில் அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். "தம்பி, அவ வாயைத் திறந்தா அப்படியே நிக்கிறா. நான் பேசுறது அவளுக்குப் போகுது, அவ பேசுறது எனக்கு வரமாட்டேங்குது" என்றார் ஆச்சி. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். விற்பனைக்கு வந்தவர் ஏற்கெனவே ஒரு காந்த அடி ஆன்டெனாவைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதுவும் அதே அலமாரிக்குள்தான் இருந்தது.

நாங்கள் முதலில் எதையும் வாங்கவில்லை. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தால் சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும். மைனஸ் குறியோடு வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் சுகம், 100 சுமார், 110-ஐத் தாண்டினால் ஆபத்து. 10 குறைந்தால் சக்தி பத்து மடங்கு கூடியதாகக் கணக்கு. பட்டாலையில் மைனஸ் 118. முற்றத்தில் 108. ரவுட்டரை ஒரு நீட்டிப்பு ஒயரோடு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம், 96. ஒரு காசும் செலவில்லாமல் நூறு மடங்குக்கு மேல் கிடைத்துவிட்டது.

அடுத்தது திசை. மாடியில் நின்றால் வடக்கே ஒரு கோபுரம் பக்கத்திலேயே தெரிந்தது, தெற்கே இன்னொன்று தூரத்தில் புள்ளியாக. எல்லோருக்கும் வடக்கே திருப்பத்தான் தோன்றும். திருப்பிப் பார்த்தோம், எண் நன்றாக இருந்தது, படம் நின்று நின்றுதான் வந்தது. இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்று காட்டும் இன்னொரு எண் உண்டு. தெற்குக் கோபுரத்துக்கு அது இரண்டு மடங்காக இருந்தது. சாயங்காலம் எட்டு மணிக்கு ஊரே வடக்குக் கோபுரத்தைப் பிடித்து இழுக்கும்போது, தெற்கே கூட்டம் குறைவு. ஆகவே தெற்கு. அதன்பிறகுதான் ஆன்டெனா வாங்கினோம், கட்டிய பிறகு எண் மைனஸ் 84. பட்டாலை அலமாரியோடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு.

எதை வாங்குவது

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திசையும் பார்க்கும் குச்சி ஆன்டெனா, கோபுரம் எங்கே என்று தெரியாதவருக்கும் சுற்றிலும் கோபுரம் உள்ளவருக்கும். அது எல்லாப் பக்கத்து இரைச்சலையும் கூட்டி வரும். நம் பழைய யாகி ஒரே அலைவரிசையில் கில்லாடி, ஆனால் கம்பெனி 850-லிருந்து 2,300-க்கு மாற்றிவிட்டால் திணறும். சிறியதும் பெரியதுமாகப் படிப்படியாக நீளும் கம்பிகள் கொண்ட வகை ஒன்று 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. தோற்றத்தில் யாகியின் தம்பி. கூர்மை கொஞ்சம் குறைவு, ஆனால் பல அலைவரிசைகளையும் ஒன்றாகப் பிடிக்கும். நான்காவது, தட்டையான பலகை வகை. 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் தகவல் அனுப்பும். அதனால் ரவுட்டரில் இரண்டு துளை இருக்கும். பலகைக்குள் இரண்டு ஆன்டெனாக்கள் பெருக்கல் குறி மாதிரி சாய்ந்து இருக்கும். தனித்தனியாக இரண்டு வாங்கினால் நீங்களும் அப்படியே ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் 45 பாகை சாய்த்துக் கட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் பாதி வேகம் போய்விடும்.

ஆன்டெனாவைவிட அதிகம் ஏமாற்றுவது ஒயர். மெல்லிய கோஆக்சியல் ஒயர் பத்து மீட்டர் ஓடினால், 1,800 மெகாஹெர்ட்ஸில் பிடித்ததில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். மாடியில் பிடித்து, மூன்று கட்டு தாண்டி, முகப்புக்கு ஒயர் இழுத்தால் பூஸ்டரைப் பெட்டிப் பக்கம் வைத்த பழைய கதைதான். ரவுட்டரையே மாடிப்படி உச்சியில் நிழலான இடத்தில் வையுங்கள். ஆன்டெனா ஒயர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். அங்கிருந்து கீழே லேன் ஒயர் இழுங்கள், அது 100 மீட்டர் வரை அலுங்காமல் போகும். கீழே கட்டுக்கு ஒரு சிறு வைஃபை பெட்டி. ஆச்சி வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

இன்னும் மூன்று விஷயம். அனுமதி இல்லாமல் கைபேசி சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது பக்கத்தில் உள்ளவர்களின் அழைப்பையும் கெடுக்கும். நாம் மேலே பேசியது வெறும் ஆன்டெனா, பூஸ்டர் இல்லை. இரண்டாவது, குழாயைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள், ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் ஒயரைக் கழற்றிவிடுங்கள். தாத்தா காலத்துக் கத்திச் சுவிட்சுக்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாவது, அலுமினியமும் செம்பும் நேராகத் தொட்டு மழையில் நனைந்தால் இணைப்பு அரித்துவிடும். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதையும் ஆராய்கிற, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த சிக்ரி நம் ஊரிலேயே இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு இணைப்பை டேப் சுற்றாமல் விடலாமா?

2023-இல் பெரிய கம்பெனிகள் ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி இணைப்புகளைக் கொடுக்க ஆரம்பித்தன. பொருத்த வருகிறவர் முதலில் மொட்டைமாடிக்குத்தான் போகிறார். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி, கைபேசியில் ஒரு திசைகாட்டி. பெட்டியைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று திருப்பி, எண்ணைப் பார்த்து நிறுத்துகிறார். கீழே நின்று குரல் கொடுக்க ஆள் வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கேபிள் வந்தபோது கீழே இறங்கிய நாம் முப்பது வருஷம் கழித்து மறுபடி மாடி ஏறியிருக்கிறோம்.

ஆகவே கேள்வி கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இந்த வரிசையில்: முதலில் இடம், பிறகு திசை, பிறகு ஒயர், கடைசியில் கடை. முதல் மூன்றுக்கும் பெரிய செலவில்லை. உங்கள் வீட்டு மாடியில் பழைய குழாய் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருவைச் சுரண்டி ஒரு கோட் பெயின்ட் அடித்தால் புது ஆன்டெனாவுக்கு அதைவிட நல்ல கம்பம் கிடைக்காது. ஆச்சி வீட்டில் நாங்கள் பயன்படுத்தியது ரூபவாஹினி பார்க்க நட்ட குழாயைத்தான்.